எது எதில் கரையும்? முனைவுள்ள, முனைவற்ற பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பில் வேதியியல் படிப்பவர், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், வீட்டில் சட்டைக் கறையோடு மல்லுக்கட்டுபவர் என யார் கேட்டாலும் கேள்வி கடைசியில் ஒன்றுதான்: இது எதில் கரையும்? "ஒத்தது ஒத்ததில் கரையும்" என்ற வரி எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வரி எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது.

ஒரு பொருள் முனைவுள்ளதா, முனைவற்றதா என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

எலக்ட்ரான்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதை வைத்து. பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வலிமைக்கு எலக்ட்ரான் கவர்திறன் என்று பெயர். ஆக்சிஜனுக்கு அது 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. இரண்டும் பிணைந்தால் ஆக்சிஜன் முனையில் சிறிது எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன் முனையில் சிறிது நேர்மின்சுமையும் தங்கும். இப்படி மின்சுமை முனைகள் உள்ளதே முனைவுள்ளது, இல்லாதது முனைவற்றது. கார்பனின் மதிப்பு 2.55. ஹைட்ரஜனோடு வித்தியாசம் வெறும் 0.35. அதனால்தான் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட மண்ணெண்ணெயும் மெழுகும் முனைவற்றவை. சமையல் எண்ணெயின் மூலக்கூறில் ஆக்சிஜன் உண்டு. ஆனால் 16, 18 கார்பன் நீளமுள்ள மூன்று வால்கள் அதன் செல்வாக்கை அமுக்கிவிடுகின்றன.

பிணைப்பை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது, வடிவத்தையும் பார்க்க வேண்டும். மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் இது. கார்பன் டைஆக்சைடின் இரண்டு பிணைப்புகளும் முனைவுள்ளவை. ஆனால் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக இழுப்பதால் ஈடாகிவிடுகின்றன, மூலக்கூறு முனைவற்றதாகிறது. நான்முகி வடிவத்தில் இருக்கும் கார்பன் டெட்ராகுளோரைடும் அப்படித்தான். நீர் 104.5° கோணத்தில் வளைந்திருக்கிறது. இழுப்புகள் ஈடாகாமல் 1.85 டிபை இருமுனைத் திருப்புத்திறன் மிஞ்சுகிறது. மூலக்கூறு எவ்வளவு முனைவுள்ளது என்பதன் அளவு அது, டிபை அதன் அலகு.

சாப்பாட்டு உப்பு தண்ணீரில் கரைகிறது, எண்ணெயில் ஏன் கரைவதில்லை?

கரைதலை ஒரு வரவு செலவுக் கணக்காகப் பாருங்கள். இரண்டு செலவு, ஒரு வரவு. கரைபொருளின் துகள்களைப் பிரிக்க ஆற்றல் செலவாகும். கரைப்பான் மூலக்கூறுகளை விலக்கி இடம் உண்டாக்கவும் செலவாகும். பிரிந்த துகளைக் கரைப்பான் சூழ்ந்து பற்றும்போது ஆற்றல் திரும்ப வரும்.

சோடியம் குளோரைடு படிகத்தை முழுவதும் தனி அயனிகளாகப் பிரிக்க மோலுக்கு ஏறத்தாழ 787 கிலோஜூல் வேண்டும். பெரிய தொகைதான். ஆனால் நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும்போது கிட்டத்தட்ட முழுத் தொகையும் திரும்பிவிடுகிறது. பற்றாக்குறை சுமார் 4 கிலோஜூல் மட்டுமே. அயனிகள் சிதறிப் பரவுவதால் கூடும் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, அந்தச் சிறு பற்றாக்குறையைத் தாண்ட வைத்துவிடுகிறது. எண்ணெயிலோ ஹெக்சேனிலோ படிகத்தைப் பிரிக்க அதே 787 கிலோஜூல் செலவாகும். அயனியைப் பற்ற முனையே இல்லாத மூலக்கூறுகள் திருப்பித் தருவதோ மிகக் குறைவு. கணக்கு ஒருபோதும் கட்டுபடியாகாது.

25° செல்சியசில் 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். 100 கிராம் மெத்தனாலில் ஏறத்தாழ 1.4 கிராம். எத்தனாலில் 0.1 கிராம்கூடத் தேறாது. ஹெக்சேனில் இல்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று வெறுக்கின்றனவா?

இல்லை. "நீர்வெறுக்கும்" என்ற சொல்லே இந்தத் தவறான படத்தை மனதில் வரைந்துவிடுகிறது. சுத்தமான தண்ணீர்ப் பரப்பில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் அது பரவுகிறது. இரண்டுக்கும் இடையே ஈர்ப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சிக்கல் தண்ணீரின் பக்கம். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் ஈர்க்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் இந்த ஈர்ப்பால் நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்து நிற்கின்றன. நடுவே எண்ணெய் மூலக்கூறு வந்தால் அதோடு கைகோக்க வழியில்லை. கைகளை வீணாக்காமல் அதைச் சுற்றி ஒழுங்காக வரிசைகட்டி நிற்க வேண்டியதாகிறது. அறை வெப்பநிலையில் இந்தக் கட்டாய ஒழுங்குதான் பெரிய இழப்பு. எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறைகிறது, ஒழுங்காக நிற்க வேண்டிய நீர் மூலக்கூறுகளும் குறைகின்றன. கலக்கி வைத்த எண்ணெய் மேலே திரண்டு சேர்வதற்குக் காரணம் இது. மேலே நிற்பதற்குக் காரணம் அடர்த்தி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டைகுளோரோமீத்தேனும் தண்ணீரோடு கலக்காது, ஆனால் நீரின் அடர்த்தி 1, அதன் அடர்த்தி 1.33 என்பதால் கீழே நிற்கும்.

ஒரு கரைப்பான் எவ்வளவு முனைவுள்ளது என்பதற்கு எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

முதலில் மின்கடத்தா மாறிலியைப் பாருங்கள். எதிரெதிர் மின்சுமைகளுக்கு இடையிலான ஈர்ப்பை அந்தத் திரவம் எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதை அது காட்டும். 25° செல்சியசில் தோராய மதிப்புகள்: நீர் 78, டைமெத்தில் சல்பாக்சைடு 47, அசிட்டோநைட்ரைல் 37, மெத்தனால் 33, எத்தனால் 24, அசிட்டோன் 21, எத்தில் அசிட்டேட் 6, குளோரோஃபார்ம் 4.8, டைஎத்தில் ஈதர் 4.3, டொலுயீன் 2.4, ஹெக்சேன் 1.9.

ஆனால் இந்த ஒரு எண்ணை நம்பி இறங்கினால் ஏமாற்றம் உண்டு. அசிட்டோநைட்ரைலின் மதிப்பு மெத்தனாலைவிட அதிகம். இருந்தும் சாப்பாட்டு உப்பு மெத்தனாலில்தான் கூடுதலாகக் கரையும். குளோரைடு அயனியைப் பற்ற ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கக்கூடிய கை வேண்டும். மெத்தனாலுக்கு அது இருக்கிறது, அசிட்டோநைட்ரைலுக்கு இல்லை. ஆகவே இரண்டாவதாகக் கேட்க வேண்டியது: இந்தக் கரைப்பானால் ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்க முடியுமா, வாங்க மட்டும்தான் முடியுமா? அசிட்டோனும் டைமெத்தில் சல்பாக்சைடும் வாங்கும், கொடுக்காது.

இதன் அழகான பயன் ஒன்று உண்டு. சோடியம் அயோடைடு அசிட்டோனில் தாராளமாகக் கரையும். சோடியம் குளோரைடும் புரோமைடும் கரையாது. பெரிய அயோடைடு அயனியின் மின்சுமை விரிந்து பரவியிருப்பதால் படிகப் பிடிப்பும் தளர்வு, ஹைட்ரஜன் பிணைப்பின் தேவையும் குறைவு. ஒரு கரிமக் குளோரைடை அசிட்டோனில் சோடியம் அயோடைடோடு வினைபுரிய விட்டால், உருவாகும் சோடியம் குளோரைடு வீழ்படிவாகி வெளியேறும். வினை முன்னோக்கியே இழுக்கப்படும். 1910-இல் ஹான்ஸ் ஃபின்கெல்ஸ்டைன் விவரித்த, இன்றும் ஆய்வகங்களில் பயன்படும் வினை இது. கரைதிறன் வித்தியாசம் ஒன்றே அதை ஓட்டுகிறது.

எத்தனால் தண்ணீரோடும் கலக்கிறது, கற்பூரத்தையும் கரைக்கிறது. எப்படி?

அதற்கு இரண்டு முகங்கள். ஒரு பக்கம் ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைவுள்ள பகுதி), மறுபக்கம் இரண்டு கார்பன் வால். வால் நீள நீள என்ன ஆகிறது என்று பாருங்கள். மெத்தனால், எத்தனால், புரப்பனால் மூன்றும் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். நான்கு கார்பன் கொண்ட 1-பியூட்டனால் 100 மி.லி. நீரில் 7 கிராமை ஒட்டித்தான் கரையும். ஐந்து கார்பனில் சுமார் 2 கிராம். ஆறில் 0.6 கிராம். எட்டில் 0.05 கிராம். ஒரு ஹைட்ராக்சில் தொகுதியால் மூன்று கார்பனைச் சிரமமின்றித் தண்ணீருக்குள் இழுத்துப்போக முடியும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரையில் 12 கார்பனுக்கு 8 ஹைட்ராக்சில் தொகுதிகள். 100 மி.லி. நீரில் ஏறத்தாழ 200 கிராம் கரைவதில் வியப்பில்லை.

கிளைகள் கணக்கை மாற்றும். மூவிணைய பியூட்டனாலுக்கும் நான்கு கார்பன்தான், ஆனால் உருண்டு திரண்ட வடிவம் என்பதால் தண்ணீரோடு முழுமையாகக் கலந்துவிடும்.

ஒரு கிளைச் செய்தி: 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. நீரையும் கலந்தால் 100 மி.லி. வராது, 96 அல்லது 97 மி.லி.தான் வரும். 70 விழுக்காட்டுக் கரைசல் தயாரிக்கும்போது 70-ஐயும் 30-ஐயும் ஊற்றி நிறுத்திவிடாமல், 70 மி.லி. எத்தனாலை அளவு உருளையில் எடுத்து 100 குறி வரை நீர் சேருங்கள்.

பள்ளியில் செய்துகாட்ட எளிய சோதனை உண்டா?

அயோடினைவிடச் சிறந்தது கிடையாது. நிறமே பதில் சொல்லும்.

கண்ணாடி மூடியுள்ள சோதனைக் குழாயில் 5 மி.லி. நீர் எடுத்து, கடுகளவு அயோடின் படிகம் போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். நீர் வெளிர் பழுப்பு மஞ்சளாகும், படிகத்தில் பெரும்பகுதி அடியிலேயே கிடக்கும். ஒரு லிட்டர் நீரில் 0.3 கிராம் அளவுக்குத்தான் அயோடின் கரையும். இப்போது 5 மி.லி. ஹெக்சேன் சேர்த்து மூடிக் குலுக்கி, குழாயை நிமிர்த்தி வையுங்கள். மேல் அடுக்கு பளிச்சென்று ஊதா நிறமாகும், கீழே நீர் ஏறக்குறைய நிறமிழக்கும். இன்னொரு குழாயில் எத்தனாலில் அயோடினைப் போட்டால் ஊதா வராது, பழுப்பு வரும். எத்தனாலின் ஆக்சிஜன் அயோடினோடு தளர்வாகப் பிணைவதால் நிறம் மாறுகிறது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. டிங்ச்சர் அயோடினைப் பயன்படுத்தினால் கீழ் அடுக்கின் பழுப்பு போகவே போகாது. அதிலுள்ள அயோடைடு அயோடினோடு சேர்ந்து மூவயோடைடு அயனியாகிவிடுகிறது, அயனி ஹெக்சேனுக்குள் வராது. இதையே கடைசியில் வேண்டுமென்றே செய்துகாட்டலாம்: ஊதா அடுக்கு தெரிந்தபின் ஒரு சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு போட்டுக் குலுக்கினால் நிறம் மீண்டும் கீழே இறங்கும். இரண்டாவது, ஹெக்சேனுக்குப் பதில் ரேஷன் மண்ணெண்ணெய் எடுத்தால் அதிலுள்ள நீலச் சாயம் குழப்பும். மூன்றாவது, ரப்பர் தக்கை வேண்டாம், அயோடின் அதை அரிக்கும்.

டெட்டாலைத் தண்ணீரில் ஊற்றினால் ஏன் பால்போல் வெளுக்கிறது?

பாட்டிலுக்குள் பைன் எண்ணெயும் குளோரோசைலினாலும் ஐசோபுரப்பைல் ஆல்கஹால், சோப்பு ஆகியவற்றின் துணையால் தெளிவாகக் கரைந்திருக்கின்றன. தண்ணீரில் ஊற்றியதும் ஆல்கஹால் நீர்த்துப்போகிறது. ஆதரவை இழந்த எண்ணெய் கணத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிகிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை. கெட்டுப்போனதற்கான அடையாளம் அல்ல. தரை துடைக்கும் பினாயிலும் இதே காரணத்தால்தான் வெளுக்கிறது.

சோப்பு எண்ணெயைக் கரைக்கிறதா?

கண்டிப்பான பொருளில் இல்லை. எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிடுகிறது. சோப்பு மூலக்கூறின் தலையில் அயனி, வாலில் 12 முதல் 18 கார்பன். ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாகக் கோளங்களாகக் கூடும். இவற்றுக்கு மிசெல் என்று பெயர். எண்ணெய் அந்தக் கோளத்தின் உள்ளே பதுங்கிக்கொள்ளும். அந்தச் செறிவுக்குக் கீழே எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்குச் சரியாகப் போகாது. ஷாம்பு, பற்பசையில் உள்ள சோடியம் லாரில் சல்பேட்டுக்கு அந்த அளவு லிட்டருக்குச் சுமார் 2.4 கிராம். எண்ணெய்ப் பாத்திரத்தில் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு அதில் நாலு சொட்டுத் திரவம் விடுவதைவிட, பிசுக்கின் மேல் திரவத்தை நேரடியாகத் தேய்த்துவிட்டுப் பின்னர் நீர் ஊற்றுவது எவ்வளவோ மேல்.

போர்வெல் தண்ணீரில் நுரை வராத காரணமும் கரைதிறன்தான். கால்சியம், மெக்னீசியம் அயனிகள் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பிகளாகின்றன. லிட்டருக்கு 500 மி.கி. கடினத்தன்மையுள்ள நீர், அழுக்கைத் தொடும் முன்பே லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம் சோப்பை விழுங்கும். 15 லிட்டர் வாளிக்கு 45 கிராம்! இத்தகைய நீருக்குச் சோப்புக் கட்டியைவிடச் சலவைத் தூள் பொருத்தம். அதிலுள்ள செயற்கைச் சலவைப்பொருள் இவ்வளவு எளிதில் திரிவதில்லை.

சமையலறையில் இதற்கு எடுத்துக்காட்டுகள் சொல்ல முடியுமா?

தாளிப்பே சிறந்த எடுத்துக்காட்டு. கடுகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணப்பொருட்கள் பெரும்பாலும் முனைவற்றவை. சூடான எண்ணெய் அவற்றை இழுத்துக்கொண்டு குழம்பு முழுவதும் கொண்டுபோகிறது. வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டால் மணம் நீராவியோடு அடுக்களையில் பரவிப் போய்விடும்.

பெருங்காயம் இன்னும் சுவையானது. அதில் பிசினும் உண்டு, கோந்தும் உண்டு, ஆவியாகும் எண்ணெயும் உண்டு. கோந்து தண்ணீரில் கரையும், பிசினும் எண்ணெயும் கரையா. கட்டிப் பெருங்காயத்தை நீரில் ஊறவைத்தால் கோந்து கரைந்து, மற்ற இரண்டையும் நுண்துளிகளாகத் தாங்கி நிற்கும். அந்தக் கலங்கல் ஒரு பால்மம். எண்ணெயில் பொரித்தால் மணப்பகுதி நேரடியாக எண்ணெய்க்குப் போகும்.

மிளகாய்க் காரம் நாக்கில் ஏறினால் தண்ணீர் குடிப்பதால் பயனில்லை. காரத்தைத் தரும் கேப்சைசினுக்கு நீண்ட முனைவற்ற வால் இருக்கிறது, தண்ணீர் அதை அகற்றாது. பாலும் தயிரும் உதவும். அவற்றிலுள்ள கொழுப்பும் கேசின் புரதமும் அதைப் பற்றிக்கொள்கின்றன.

பலாப்பழம் அரியும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் காலகாலமாக உள்ள வழக்கம். பலாப்பால் தண்ணீருக்கு அசையாது. எண்ணெய் தடவிய கையில் ஒட்டாது, ஒட்டினாலும் எண்ணெயிலேயே இளகிவிடும். சோப்பை முதலில் எடுப்பவர்கள் பிசுபிசுப்பைப் பரப்பிக்கொள்வார்கள். எண்ணெய் முதலில், சோப்பு பிறகு.

கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் எண்ணெயில் கரைவது. பொரியலில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்ப்பது உடல் அதை உறிஞ்ச உதவுகிறது.

துணியில் கறை பட்டால் எந்தக் கரைப்பானை எடுப்பது?

கறை எதனால் ஆனது என்று முதலில் கேளுங்கள். பால்பாயின்ட் பேனா மைக்கு ஸ்பிரிட்டோ சானிடைசரோ போதும். கறைக்கு அடியில் பழைய துணியை வைத்து, ஓரத்திலிருந்து நடுநோக்கி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். மை பட்டதும் துணியைத் தண்ணீரில் நனைப்பது பெரிய தவறு. நனைந்த இழைக்குள் ஸ்பிரிட் நீர்த்துப்போய் வலுவிழக்கும்.

தார், கிரீஸ் பட்டால் முதலில் தேங்காய் எண்ணெயால் இளக்குங்கள், பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை நீர் சேர்க்காமல் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். நகப்பூச்சுக்கு அசிட்டோன். ஆனால் துணி அசிட்டேட் இழையாக இருந்தால் கறையோடு துணியும் கரைந்துவிடும். உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே தொடருங்கள். ரத்தக்கறைக்குக் குளிர்ந்த நீர். வெந்நீர் புரதத்தைத் திரள வைத்து இழையோடு இறுக்கிவிடும்.

மஞ்சள் கறைக்குத் தனி குணம். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சோப்புப் போட்டதும் சிவப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், சோப்பின் காரத்தன்மையால் அதன் நிறம் மாறுகிறது, அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும். ஸ்பிரிட்டால் ஒற்றி எடுத்து, துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். மிச்சமிருப்பதைச் சூரிய ஒளி சிதைத்துவிடும்.

வாழைக்கறை, துரு இரண்டும் இந்தப் பட்டியலில் சேராது. எந்தக் கரைப்பானும் அவற்றைக் கரைக்காது, வேதிவினைதான் வழி. துருவுக்கு ஆக்சாலிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ வேண்டும்.

பெயின்ட் கடையில் டர்பன்டைன், தின்னர், ஸ்பிரிட் என்று கேட்கிறார்கள். எதற்கு எது?

எனாமல் பெயின்டுக்கு டர்பன்டைன். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கருக்கு என்.சி. தின்னர், அது டொலுயீன், எஸ்டர், கீட்டோன், ஆல்கஹால் கலந்த கலவை. அரக்கில் செய்யும் பிரெஞ்ச் பாலிஷுக்கு ஸ்பிரிட் மட்டுமே. டர்பன்டைனில் அரக்கு கரையாது. எமல்ஷன் பெயின்டுக்குத் தண்ணீர், அதுவும் ஈரமாக இருக்கும்வரைதான். எனாமல் காற்றில் உலர்ந்து குறுக்குப் பிணைப்புகள் ஏற்பட்டபின் டர்பன்டைன் அதைக் கரைக்காது, ஆகவே தூரிகையை அன்றே கழுவிவிடுங்கள். எனாமல் மேல் என்.சி. தின்னர் கலந்த பூச்சை அடித்தால் கீழ்ப்பூச்சு ஊதிச் சுருங்கும்.

தெர்மகோல் மாதிரி செய்யும் மாணவர்களுக்கு: அதன் பருமனில் சுமார் 98 விழுக்காடு காற்று, மீதி பாலிஸ்டைரீன். ரப்பர் சார்ந்த பசையும் ஸ்பிரே பெயின்டும் அதைக் குழிகுழியாகத் தின்றுவிடும். தண்ணீர் சார்ந்த வெள்ளைப் பசையும் போஸ்டர் கலரும் பாதுகாப்பு.

மருந்துப் பெயர்களில் "ஹைட்ரோகுளோரைடு", "சோடியம்" என்று ஏன் சேர்க்கிறார்கள்?

கரையாத மூலக்கூறை அயனியாக்கினால் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால். 25° செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் பென்சாயிக் அமிலம் 3.4 கிராம்தான் கரையும். சோடியம் பென்சோயேட் 500 கிராமுக்கு மேல் கரையும். ஒரே ஒரு புரோட்டானை எடுத்ததன் விளைவு அது.

ஆய்வகத்தில் இதை வைத்தே கலவையைப் பிரிக்கலாம். பென்சாயிக் அமிலம் 1 கிராம், நாப்தலீன் 1 கிராம் கலவையை 25 மி.லி. எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, அடியில் திறந்து மூடும் குழாயுள்ள பிரிபுனலில் ஊற்றுங்கள். 5 விழுக்காட்டுச் சோடியம் பைகார்பனேட் கரைசலை 15 மி.லி. வீதம் இரண்டு முறை சேர்த்து, கீழ் அடுக்கை இறக்குங்கள். நுரைத்துப் பொங்கும், முதலில் மூடாமல் சுழற்றுங்கள். இறக்கிய நீர் அடுக்கை லேசாகச் சூடாக்கி, அதில் கரைந்திருக்கும் எத்தில் அசிட்டேட்டைப் புகைபோக்கிக்குள் வெளியேற்றுங்கள். ஆறியபின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகவிட்டுப் பி.எச். 2-க்குக் கொண்டுவந்தால் பென்சாயிக் அமிலம் வெள்ளையாக விழும். பனிக்கட்டியில் குளிர்வித்த பிறகே வடிகட்டுங்கள். அறை வெப்பநிலையில் வடித்தால் 30 மி.லி. நீரில் 0.1 கிராம் தங்கிவிடும், அதாவது பத்தில் ஒரு பங்கு இழப்பு. மேல் அடுக்கில் நாப்தலீன் இருக்கும். நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்திக் கரைப்பானை மென்மையாக ஆவியாக்குங்கள், அதிகம் சூடாக்கினால் நாப்தலீனும் பதங்கமாகிப் பறந்துவிடும்.

இங்கே பைகார்பனேட்டுக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டாம். அது எத்தில் அசிட்டேட்டையே உடைக்கும்.

பிரித்தெடுக்கும்போது மொத்தக் கரைப்பானையும் ஒரே முறை சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் நஷ்டம். ஒரு பொருள் நீரைவிடக் கரிமக் கரைப்பானில் 4 மடங்கு அதிகமாகத் தங்குகிறது என்று வையுங்கள். நீர் 100 மி.லி., கரைப்பான் 100 மி.லி. ஒரே முறை சேர்த்தால் நீரில் 20 விழுக்காடு மிஞ்சும். 50 மி.லி. வீதம் இரண்டு முறை என்றால் 11 விழுக்காடு. 25 மி.லி. வீதம் நான்கு முறை என்றால் 6 விழுக்காடு. கரைப்பான் செலவு ஒன்றே.

குலுக்கும்போது புனலைத் தலைகீழாகப் பிடித்து, குழாயை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, இரண்டு மூன்று குலுக்கலுக்கு ஒருமுறை திறந்து அழுத்தத்தை விடுங்கள். அடுக்குகள் பிரியாமல் பால்போல் நின்றால் அடர் உப்புக்கரைசல் 10 மி.லி. சேர்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். உப்பு நீரின் முனைவுத்தன்மையைக் கூட்டி, கரிமப் பொருளை வெளியே தள்ளும், அடர்த்தி வித்தியாசத்தையும் பெரிதாக்கும். எது நீர் அடுக்கு என்ற சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். வேலை முழுவதும் முடியும்வரை எந்த அடுக்கையும் கொட்டிவிடாதீர்கள்.

சூடாக்கினால் எல்லாம் கூடுதலாகக் கரையுமா?

இல்லை. காஃபீன் 25° செல்சியசில் 100 மி.லி. நீரில் சுமார் 2 கிராம், கொதிநீரில் 60 கிராமுக்கும் மேல். சாப்பாட்டு உப்போ 36-லிருந்து 39-க்குத்தான் ஏறும். வாயுக்கள் சூட்டில் வெளியேறும். காற்றிலிருந்து நீரில் கரையும் ஆக்சிஜன் 0° செல்சியசில் லிட்டருக்கு 14.6 மி.கி., 25° செல்சியசில் 8.3 மி.கி. கலக்குவது வேகத்தைக் கூட்டும், கரையும் அளவைக் கூட்டாது.

சில்வர் குளோரைடும் சுண்ணக்கல்லும் அயனிப் பொருட்கள்தானே, ஏன் கரைவதில்லை?

சில்வர் குளோரைடில் செலவு வரவை மிஞ்சிவிடுகிறது. சுண்ணக்கல்லில் இரட்டை மின்சுமையுள்ள அயனிகள் நீர் மூலக்கூறுகளை இறுக்கமாக வரிசைகட்ட வைப்பதால் என்ட்ரோபி குறைந்து தடையாகிறது. சில்வர் குளோரைடு 25° செல்சியசில் லிட்டருக்கு 2 மி.கி. அளவில்தான் கரையும். அயனிப் பொருள் என்றாலே தண்ணீரில் கரையும் என்று எழுதுவது தேர்விலும் தவறு, ஆய்வகத்திலும் தவறு.

கார்பன் டைஆக்சைடு முனைவற்றது, பிறகு சோடாவில் எப்படி நிற்கிறது?

அழுத்தத்தால். நீருக்கு மேலே தூய கார்பன் டைஆக்சைடு சாதாரண அழுத்தத்தில் இருந்தால், 25° செல்சியசில் லிட்டருக்கு 1.45 கிராம் கரையும். அழுத்தத்தைக் கூட்டினால் அதே விகிதத்தில் கூடும், மூடியைத் திறந்தால் வெளியேறும். ஆக்சிஜனைவிட அது அதிகம் கரைவதற்குக் காரணம், ஒட்டுமொத்த மூலக்கூறு முனைவற்றதானாலும் ஒவ்வொரு பிணைப்பும் முனைவுள்ளது, நீர் அவற்றைத் தனித்தனியே பற்ற முடிகிறது.

எண்ணெய்ப் பிசுக்குள்ள கண்ணாடிக் கருவியை எந்த வரிசையில் கழுவுவது?

ஹெக்சேன், அசிட்டோன், சோப்புநீர், சுத்தநீர், கடைசியில் மீண்டும் கொஞ்சம் அசிட்டோன். அசிட்டோன் ஹெக்சேன், தண்ணீர் இரண்டோடும் கலப்பதால் பாலமாக நிற்கிறது. ஹெக்சேன் ஈரம் காயுமுன் நேராகத் தண்ணீர் ஊற்றினால் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பாகக் கையாள எதை மறக்கக் கூடாது?

பல கரிமக் கரைப்பான்களின் ஆவி தீப்பிடிக்கப் போதுமான அளவுக்குக் கடுங்குளிரிலேயே எழும். ஹெக்சேனுக்கு −22° செல்சியஸ், அசிட்டோனுக்கு −20°, பெட்ரோலுக்கு ஏறத்தாழ −43°. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுத்த அறையின் அடுப்பு வரை போகும். துணிக் கறைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும், அதன் இடத்தில் டொலுயீனை வையுங்கள். ஹெக்சேன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் கைகால் நரம்புகள் பாதிக்கும். குளோரோஃபார்மையும் அசிட்டோனையும் ஒரே கழிவுப் புட்டியில் ஊற்றாதீர்கள், சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் பட்டால் வேகமாகச் சூடேறி வெடிக்கக்கூடும். எதையும் கழுவுதொட்டியில் கொட்ட வேண்டாம். தண்ணீரோடு கலக்காத கரைப்பான் குழாயின் வளைவில் தங்கி, அங்கிருந்தே ஆவியாகிக்கொண்டிருக்கும்.